அப்பலாச்சிய மலையின் கட்டியங்காரன்

அமெரிக்கா என்றதும் வானளாவிய மாடங்களே நம் மனக்கண்முன் எழுகின்றன. அத்தேசத்தின் கிழக்குப் பாகத்தில் நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடரை நாம் அதிகம் நினைப்பதில்லை. அம்மலையைச் சேர்ந்த கென்டக்கி, வட கரோலினா மாகாணங்களின் பள்ளத்தாக்குகளில் எளிய குடியானவர்கள் பிடிலும் பாஞ்சோவும் ஒலிக்க ஆடி வந்த நடனத்தைக் குறித்து இங்கே சிறிது சொல்ல விரும்புகிறோம்.

ஸ்திரீயும் புருஷனும் ஜோடி சேர்ந்து, எல்லாரும் கைகோத்துப் பெரிய வட்டமாக நிற்பார்கள். ஒன்று விட்டு ஒரு ஜோடி பக்கத்து ஜோடியை அடைந்து நால்வராய்ச் சிறு வட்டம் அமைக்கும். ஓர் ஆட்டக்கோலம் முடிந்ததும் அடுத்த ஜோடியை நாடிச் செல்லும். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடுவதும் உண்டு.

இன்ன கோலம் ஆட வேண்டும் என்று சொல்வதற்கென்றே ஒருவன் இருக்கிறான். நம் கூத்துக்களை அறிந்தோர் அவனைக் கட்டியங்காரன் என்றே அழைக்கலாம். தாளம் தவறாமல் அவன் கட்டளைகளைக் கூவுவான். பறவை கூண்டில் புக வேண்டும் என்றால், ஒரு பெண் நடுவே நிற்க, மற்ற மூவரும் கைகோத்து அவளைச் சுற்றுவார்கள். பறவை போய்க் காகம் வர வேண்டும் என்றால், அவள் வெளிவர, அவளுடைய ஜோடி உள்ளே புகுவான். ஆகவே, புதிதாய் வந்தவனும் கூச்சமின்றிக் கலந்து கொள்ளலாம்; காது கேட்டால் கால் தானே நடக்கும்.

நாடோடிப் பாடல்களைத் திரட்ட இங்கிலாந்திலிருந்து வந்த ஸெஸில் ஷார்ப், 1917-ம் வருஷத்தில் கென்டக்கியின் பைன் மவுண்டன் பள்ளிக்கூடத்தில் இந்நடனத்தைக் கண்டார். தம் நாட்டில் மறைந்துபோன மிகப் பழைய ஆங்கில நடனமே இது என்று முடிவு கட்டி, மறு வருஷமே புத்தகம் வெளியிட்டார். மலைவாசிகள் கலப்பற்ற ஆங்கிலப் பரம்பரையினர் என்று பலர் நம்பிய காலம் அது. ஆதலால் அக்கூற்று இனித்தது. 1939 ஜூனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வாஷிங்டனுக்கு வந்தபோது, வட கரோலினாவின் ஸோகோ கேப் கோஷ்டியார் வெள்ளை மாளிகையில் அவர்முன் இந்நடனத்தை ஆடிக் காட்டினார்கள்.

ஆனால் கட்டியங்காரன் எங்கிருந்து வந்தான்? இங்கிலாந்தின் பழைய நடனங்களில் அவன் இல்லை. அங்கே கோலங்களை நடன ஆசிரியரிடம் முன்னரே கற்று மனனம் செய்ய வேண்டும். அமெரிக்காவிலோ, செல்வர் வீட்டு நடனங்களுக்குப் பிடில் வாசித்தவர்களில் பலர் ஆப்பிரிக்க அடிமைகள். வாசித்துக்கொண்டே அடுத்த கோலத்தைக் கூவிச் சொல்லும் வழக்கம் 19-ம் நூற்றாண்டின் துவக்கத்திலேயே அவர்களிடம் காணப்பட்டது. பாஞ்சோவும் ஆப்பிரிக்க வழிவந்த வாத்தியமே. இந்நடனம் ஆங்கிலம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரெஞ்சு, ஆப்பிரிக்க மரபுகள் கலந்து விளைந்தது என்பதை, தாமே கட்டியம் கூறுவதில் வல்லவரான பில் ஜேமிஸன் 2015-ல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக் காட்டினார்.

விந்தையைப் பாருங்கள்! பகலெல்லாம் எஜமானனின் கட்டளைக்கு அடங்கி உழைத்த அடிமை, இரவில் பிடிலைக் கையில் எடுத்ததும், அவன் சொன்னபடி எஜமானன் சுழன்றான். ஆயினும், பின்னர் நடனத்தின் பெருமை பேசப்பட்டபோது அவன் பெயர் நெடுங்காலம் விடுபட்டுப் போயிற்று. தன் கலையைத் தன்னுடையது என்று ஒரு தேசம் கொண்டாடுவது நியாயமே. அக்கலையைத் தாழ்ந்த நிலையில் இருந்து வளர்த்தவர்களையும் சேர்த்துக் கொண்டாடினால்தான் அந்தப் பெருமை பூரணமாகும்.