கரையானுக்குத் தண்ணீர் வார்த்த கதை

போன வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில், "வீட்டில் கரையான் வந்துவிட்டது. எந்த மருந்து நல்லது?" என்று கேட்டார். "மருந்து அப்புறம். முதலில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று பாருங்கள்" என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு வருடங்களும், அப்பாவின் ஐந்து நோட்டுகளும் செலவாயின.

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டை 1988இல் கட்டினேன். வாசல் நிலைக்கும் கதவுக்கும் தேக்கு போட்டேன். அதற்குள் கையிருப்பு கரைந்துவிட்டதால் உள்ளறைகளுக்கு நாட்டு மரம்தான். பின்னறைச் சுவரலமாரி குளியலறைச் சுவரை ஒட்டியது. அதன் கீழ்த்தட்டில் அப்பாவின் கணக்கு நோட்டுகள் பதினொன்று இருந்தன. அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். மளிகை, பால், யாரிடம் கைமாற்று வாங்கினார், என்றைக்குத் திருப்பிக் கொடுத்தார் எல்லாம் அதில் இருக்கும். நடுவே எங்காவது ஒரு வரி: 'இன்று நல்ல மழை. சின்னவளுக்குக் காய்ச்சல்.' அந்தச் சின்னவள் என் தங்கை. "அண்ணா, அதையெல்லாம் எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடு" என்று பல தடவை கேட்டிருக்கிறாள். ரிடையர் ஆனதும் செய்கிறேன் என்றேன். ரிடையரும் ஆனேன்.

2014 கார்த்திகையில் குளியலறை நிலையில் பென்சில் கனத்துக்கு ஒரு மண்கோடு ஏறியிருந்தது. துடைப்பத்தால் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவினேன். அடுத்த வருடம் நிலையை விரலால் அழுத்தினால் உள்ளே போனது. மருந்தடிக்கும் ஆட்களை அழைத்தோம். சுவரோரமாக அடிக்கு ஒரு துளை போட்டு, மருந்தை ஊற்றி, சிமெண்ட் பூசி அடைத்தார்கள். ஒரு வருடம் நிம்மதி. மறுபடி மண்கோடு. மறுபடி மருந்து. இப்படியே 2018 வந்தது. ஒருநாள் நோட்டு ஒன்றை எடுத்தேன். பார்க்க முழுதாக இருந்தது, கையில் எடுத்தால் கனமே இல்லை. அட்டைக்குள் மண்தான் இருந்தது. அதன் கீழே இருந்த நான்கும் அப்படியே.

நிலையை மாற்ற வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு வீட்டை வெளியே ஒரு சுற்று சுற்றி வந்தார். "மரத்த மாத்தி என்ன சார் பண்றது? நீங்கதான் தண்ணி விட்டு வளக்குறீங்களே!" என்றார்.

அவர் காட்டியவை நான்கு. ஒன்று, குளியலறைச் சுவருக்குள் புதைத்த குழாயில் ஒரு இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாகப் பெயிண்ட் உப்பி உதிர்ந்தது. நாங்கள் மேலே பெயிண்ட் அடித்து மறைத்தோம். இரண்டு, ஏ.சி. தண்ணீர் சுவரடியிலேயே சொட்டியது. மூன்று, சுவரை ஒட்டி நான் போட்ட பூச்செடிப் பாத்தி. வருடா வருடம் மண் கொட்டி, அது வீட்டுத் தளமட்டத்துக்கே ஏறிவிட்டது. காலையும் மாலையும் நானே தண்ணீர் ஊற்றினேன். நான்கு, தெருச் சாலை. வீடு கட்டியபோது மூன்று படி ஏறி உள்ளே வரவேண்டும். பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் இப்போது அரைப்படிதான். மழைத் தண்ணீர் கொல்லைவரை வந்து நின்றது.

அதன் பிறகுதான் கரையானைப் பற்றித் தேடிப் படித்தேன். வெள்ளை எறும்பு என்று சொல்கிறோமே தவிர அது எறும்பு இனமே அல்ல. கரப்பானுக்குத்தான் நெருங்கிய உறவு. அதன் தோல் மெல்லியது. காய்ந்த காற்றில் சீக்கிரம் வற்றிச் செத்துவிடும். அதனால்தான் மண்ணால் மூடிய பாதை கட்டி, அதற்குள்ளேயே போய் வருகிறது. ஈரத்துக்காக நிலத்துக்குத் திரும்புகிறது. சுவரிலேயே ஓதம் இருந்தால் நிலத்துக்குத் திரும்பும் அவசியமும் குறைந்துவிடும். தரையில் ஊற்றிய மருந்தும் அதை எட்டாது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். நான் மருந்துக்காரர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரையான் தடுப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 6313. அதில் முதல் பகுதியே கட்டுமான முறைகள்தான். மருந்து இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் இருப்பது மரவீடு. தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற உயரத்தில் வெற்றிடம் இருக்கிறது. மண்ணின் ஈரம் ஆவியாகி மேலே ஏறாமலிருக்க அங்கே கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடியிருக்கிறார்களாம். "நம்ம ஊர்க் கொத்தனார் சொன்னதும் இதுதானேப்பா" என்றாள். எங்கள் பழைய ஓட்டு வீட்டில் மரத்தூண்கள் கல்லின் மேல் நின்றதும் ஞாபகம் வந்தது. அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

பிறகு செய்தது இவ்வளவுதான். சுவருக்குள் இருந்த குழாயை அடைத்துவிட்டு வெளிப்பக்கமாகப் புதுக் குழாய் போட்டோம். ஏ.சி. தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பினோம். பாத்தியை இரண்டடி தள்ளி, சுவரடி மண்ணை ஒரு சாண் இறக்கினோம். வீட்டைச் சுற்றித் தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவாகச் சிமெண்ட் பூசினோம். சாலையை நாம் இறக்க முடியாது. வாசலில் ஒரு வரப்பு கட்டி, கொல்லைத் தண்ணீர் வடிய வழி வெட்டினோம். சுவர் காய்வதற்கே மூன்று மாதம் ஆயிற்று. காய்ந்த பிறகு ஒரு தடவை மருந்து. அதற்குப் பின் மண்கோடு வரவில்லை. ஆனாலும் ஐப்பசி மழைக்கு முன்பும் தை பிறந்த பின்பும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறேன். மழை விட்ட மறுநாள் காலை வீட்டுக்குள் ஈசல் இறகுகள் குவிந்து கிடந்தால், விளக்குக்கு வந்தவைதானா, வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியவையா என்று பார்க்கிறேன்.

தங்கைக்கு விஷயத்தைச் சொல்ல ஒரு வாரம் தயங்கினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எந்த வருஷத்து நோட்டு அண்ணா?" என்றாள். அவள் சின்னக் குழந்தையாக இருந்த ஐந்து வருடங்கள்தான் போயிருந்தன. மிச்சமிருந்த ஆறையும் அந்த மாதமே பிரதி எடுத்து அனுப்பிவிட்டேன்.

மேலே எழுதினேனே, 'சின்னவளுக்குக் காய்ச்சல்' என்ற வரி, அது இப்போது என் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரில் எங்காவது பெயிண்ட் உப்பியிருந்தால், அதன் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் அலமாரி இருந்தால், இன்றைக்கே காலி செய்யுங்கள்.