சாதுவான நல்ல பாம்பு

எங்க பெரியப்பா பெருந்துறை தோட்டத்துல நல்ல பாம்பு புடிச்சா ரெண்டு நாள் பானையில வெச்சிருப்பாரு. "சாதுவாயிருச்சு பாரு கண்ணு"ம்பாரு. அந்த சாதுதான் ஒருநா சடார்னு கையில கொத்திருச்சு. விஷமுறிவு மருந்து ஏத்தித்தான் பொழச்சாருங்க.

பின்னாடிதான் புரிஞ்சது. சட்டை உரிக்கற சமயத்துல பாம்புக்கு கண்ணுமேல இருக்கற தோல் வெளிறி பார்வை மங்கிடும். கிட்ட எது அசைஞ்சாலும் பயம், சீற்றம். அசந்து கெடக்கறது வேற, பழகறது வேற.

வடநெம்மேலியில 1978ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவு சங்கத்துலயும் பாம்புக்குப் பானைதான். ஆனா மருந்துக்கு விஷம் எடுத்துட்டு, கொஞ்ச நாள்ல காட்டுல விட்டுடறாங்க. தலைமுறையா பாம்பு புடிக்கறவங்களே அதை வளக்கறதில்லீங்க!

பெரியப்பா பானையில இப்ப தண்ணி மட்டும்தான்.