ரொன்சில் எடுத்த பிள்ளைக்கு என்ன குடுக்கிறது?

 

நோன்பு விடுமுறை என்பதால் என் இளையவனுக்கு இந்த மாதமே தொண்டையில் ரொன்சில் எடுத்தோம். இன்று பன்னிரண்டாம் நாள். எங்கள் பாடசாலைப் பெற்றோர் சிலரும் திகதி கிடைத்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: சாப்பிட என்ன குடுத்தீங்கள், ரீச்சர்?

வீட்டில் இரண்டு கட்சி. "குளிர் குடுக்காத, சளி கட்டும்" என்று உம்மா. இளநீரும் வேண்டாம், ஐஸும் வேண்டாம், பத்தியமாக ஆறின சுடுதண்ணி மட்டும். பக்கத்து வீட்டு அக்காவோ ஐஸ்கிரீமைத் தவிர வேறொன்றும் தொண்டையால் இறங்கக் கூடாது என்றா. டொக்டர் இரண்டையும் ஏற்கவில்லை. "எதைக் குடிக்கிறார் எண்டது பெரிசில்ல, விழுங்கிக்கொண்டே இருக்கவேணும்" என்றார். நோகுது என்று பிள்ளை விழுங்காமல் விட்டால் தொண்டை காயும், காய்ந்தால் இன்னும் நோகும். உடம்பில் தண்ணி குறைந்துதான் பல பிள்ளைகள் திரும்ப வாட்டுக்குப் போகிறார்கள். குளிரால் காயத்துக்குக் கெடுதியில்லை, நோவுதான் குறையும்.

முதல் இரண்டு நாளும் தண்ணி, இளநீர், ஐஸ்கட்டி, கொஞ்சம் ஐஸ்கிரீம். ஒரு மிடறு, பிறகு இன்னொரு மிடறு. எத்தனை தரம் சலம் போகிறான் என்று பார்த்துக்கொண்டேன். அது குறைந்தால் தண்ணி காணாது என்று அர்த்தம். பிறகு கஞ்சி. பள்ளிக் கஞ்சியில் மிளகும் இஞ்சியும் தூக்கல், அது எரிக்கும். வீட்டில் அரிசி, உள்ளி, வெந்தயம், தேங்காய்ப்பால் மட்டும் போட்டு, குழைய விட்டு ஆறவைத்துக் கொடுத்தேன். சவ்வரிசிக் கஞ்சி, அவித்து மசித்த பயறு, இதரை வாழைப்பழம் எல்லாம் இறங்கின. இடியப்பத்தைப் பால்சொதியில் ஊறவிட்டுக் கொடுக்கலாம், ஆனால் சொதிக்குப் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப் புளியும் விடாதீர்கள். தோடம்பழம், தக்காளி, ரசம் ஒன்றும் வேண்டாம். குளிர் கூடாது என்ற உம்மாதான் கடைசியில் வட்டிலப்பத்தைப் பிரிட்ஜில் வைத்து ஊட்டிவிட்டா!

நோன்பு திறக்கிற நேரம் சிவப்புச் சர்பத்தும் பலூடாவும் மேசையில் இருக்கும். சிவப்பு நிறத்தில் எதையும் குடுக்காதீர்கள். பிள்ளை சத்தி எடுத்தால் இரத்தமா சர்பத்தா என்று தெரியாமல் நிற்பீர்கள்.

முதல் நாட்களில் சிரித்துக்கொண்டிருந்தவன் நாலாம் நாளிலிருந்து அழத் தொடங்கினான். இது பலருக்கும் நடப்பதுதான், ஏழெட்டு நாள் வரை நோ கூடும். காதும் குத்தும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் அப்படி, காதுக்குள் எண்ணெய் விடத் தேவையில்லை. தொண்டையில் வெள்ளையாகப் படிவது சீழ் இல்லை, ஆறுகிற புண்ணின் தோல். டொக்டர் எழுதிய அளவில் பரசிற்றமோலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் குடுத்தால் விழுங்குவது லேசு. அஸ்பிரின் கூடவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். பாண், முறுக்கு மாதிரியானவை பற்றி டொக்டர்மாரிடையே ஒரே பேச்சில்லை. இங்கிலாந்தில் வாட்டிய பாணையே மென்று விழுங்கச் சொல்வார்கள், இங்கே சிலர் இரண்டு கிழமை பொறுக்கச் சொல்வார்கள். உங்கள் டொக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

ஒன்பதாம் நாள் இவன் கொப்பியில் எழுதிக் காட்டினான்: "நாளைக்கு நான் நோன்பு பிடிக்கிறன்." வகுப்பில் யார் எத்தனை பிடித்தது என்று போட்டியாம். நோயாளி வேறு நாட்களில் பிடிக்கலாம் என்று குர்ஆனே சொல்கிறது, இவனுக்கோ இன்னும் கடமையாகவுமில்லை. பெரியவர்கள் யாராவது சத்திரசிகிச்சை முடிந்த கையோடு நோன்புடன் இருந்தால் தயவுசெய்து விடுங்கள். பகல் முழுக்கக் காய்ந்த தொண்டை இந்த வெயிலில் ஆறாது.

ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் இரத்தம் கசியப் பயம் கூட. உமிழ்நீரில் புது இரத்தம் கண்டால், கொஞ்சம்தானே என்று விடியும்வரை பார்க்காதீர்கள். நித்திரையில் பிள்ளை அடிக்கடி விழுங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி, வாயைத் திறந்து லைற் அடித்துப் பாருங்கள். இரத்தம் என்றால் உடனே பெரியாஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அந்த இலக்கம் எங்கள் சனத்துக்கு வேறொன்றையும் நினைவூட்டும்தான், ஆனாலும் போனில் பதிந்து வையுங்கள். போகும்போது கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.