கறுப்புப் படியும் வெள்ளைக் கோலமும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கட ஆக்கள் இருக்கிற பழைய வரிசை வீடுகளில், கதவைத் திறந்ததும் எதிரே ஒடுங்கின படிக்கட்டுத்தான். அதுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சால் வடிவு. ஆனால் மங்கல் வெளிச்சத்தில் படி எங்கே முடியுது என்று அம்மம்மாவுக்குத் தெரியாது.

விக்டோரியா காலத்து வழி இதுக்குப் பொருந்தும்: இரண்டு ஓரமும் கறுப்பு, நடுவில் வெளிர்நிறக் கம்பளம், அதை இறுக்கிப் பிடிக்கப் பித்தளைக் கம்பி. கம்பளம் வேண்டாமென்றால் ஒவ்வொரு விளிம்பிலும் வழுக்காத வெள்ளைப் பட்டி ஒட்டுங்கோ. படிகளின் நிமிர்ந்த முகப்பில் பிள்ளைகள் வெள்ளைப் பெயின்ட்டால் கோலம் போடட்டும். ஊர்ப் படங்களைச் சுவரில் மாட்டுங்கோ. படியில் பூச்சாடி வைக்க வேண்டாம்.

தவழுற பிள்ளை இருந்தால், கைப்பிடிக்குக் கீழேயுள்ள கம்பிகளின் இடைவெளியை முதலில் அளவுங்கோ. 100 மில்லிமீட்டர் உருண்டை அதுக்குள்ளால் போகக்கூடாது என்பதுதான் புதுப் படிக்கட்டுகளுக்கு இங்கிலாந்தில் உள்ள விதி. பழைய வீட்டுக்கும் அந்த அளவே நல்லது.