விளிம்பில் ஓர் எண்

எங்கள் கொள்ளுப்பாட்டியார் கைம்பெண்ணா, கைவிடப்பட்டவரா என்பது சேரப்பணஞ்சேரியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக விடை காணாத வினா. அவருடைய கணவர் முதல் உலகப் போருக்குச் சென்றார், திரும்பவில்லை. இறந்தார் என்று எழுதி வந்த தாள் எதையும் வீட்டில் கண்டவர் இல்லை. சீமையில் வேறு குடும்பம் ஆகிவிட்டதென ஊரார் பேசினர். கைக்குழந்தையோடு நின்ற அந்த இளம்பெண்ணுக்கு மறுமண எண்ணம் இருந்ததோ இல்லையோ, கணவர் இறந்ததற்குச் சான்றின்றித் திருச்சபை இன்னொரு திருமணத்தை ஆசீர்வதிக்காது. உயிரோடு இருக்கக்கூடியவருக்கு இறந்தோர் பூசை வைப்பதா என்ற தயக்கத்தால் கல்லறைத் திருநாளிலும் அவர் பெயர் வாசிக்கப்பட்டதில்லை.

எஞ்சியது ஒரு வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஆடையற்ற வீரன்; இருபுறமும் 1914, 1918. அவ்வீரன் புனித ஜார்ஜியார் எனப் பின்னர்தான் படித்தறிந்தேன். கவசமும் ஈட்டியுமாக அவரைக் கண்டு பழகிய நமக்கு எளிதில் அடையாளம் தெரிவதில்லை. வெள்ளி என்பதால் இத்தகைய பதக்கங்கள் பல வீடுகளில் உருக்கப்பட்டன. எங்கள் வீட்டில் தப்பியது கொள்ளுப்பாட்டியாரின் பிடிவாதத்தால்.

அப்போரின் பதக்கங்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. விளிம்பிலேயே வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சாப்பர் என்னும் பதவி தெரிந்தது. விக்டோரியா அரசியாரின் பெயர் தாங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படை என்பதும் தெளிவாயிற்று. பெயர்தான் இடறியது. சவேரியார் பெயரை இட்டுக்கொண்டவர் வீட்டில் சவரி. இலத்தீனில் எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவேட்டில் பிரான்சிஸ்குஸ் சவேரியுஸ். ஆங்கில எழுத்தரின் கையில் சௌரி. சின்னப்பர் பவுலுஸ் ஆவார், இராயப்பர் பெத்ருஸ் ஆவார். எங்கள் முன்னோரின் பெயரும் இவ்வாறே மூன்றாகப் பிரிந்து கிடந்தது. பெயரைக் கொண்டு தேடியதால் ஓராண்டு வீணாயிற்று. இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகள் பெரும்பாலும் பிரித்தானியப் படையினருடையவை. அங்கும் அவர் இல்லை.

எங்கள் வட்டாரத்துக்கு வீரப்பதக்கம் புதிதன்று. காஞ்சிபுரம் பகுதியின் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் இதே மதராஸ் சாப்பர்ஸ் படையினர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில் தோழர்களைக் காக்கக் கண்ணிவெடிமேல் பாய்ந்து உயிர் துறந்தார். ஜார்ஜ் சிலுவை பெற்றார். அச்சிலுவையின் நடுவிலும் ஜார்ஜியார்தாம். ஆனால் அவர் பெயரை அரசிதழ் அச்சிட்டது. எங்களவரோ வீரச்செயல் எதுவும் பதிவாகாத சாதாரண சாப்பர்.

எண்ணைக் கொண்டு தேடுமாறு பெங்களூரில் ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவர் சொன்னார். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் அந்த எண்ணை இட்டதும் ஒரே ஒரு பதிவு வந்தது. தந்தை பெயர் பொருந்தியது. ஊர்ப் பெயர் உருக்குலைந்திருந்தாலும் செங்கல்பட்டு என்பது தெளிவாக இருந்தது. 1917 ஜூலையில் இறந்திருக்கிறார். நினைவிடம்: பாஸ்ரா, இராக்.

1929-இல் திறக்கப்பட்ட அந்த நினைவகம், கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது. பிரித்தானிய வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டன. மற்ற இந்திய வீரர்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எத்தனை பேர் என்ற தொகையும் மட்டுமே. படித்தபோது எண்ணிக்கை நூலின் முதல் அதிகாரம் நினைவுக்கு வந்தது. போருக்குத் தகுந்தவர் 6,03,550 பேர்; பெயர் சொல்லப்படுவோர் குலத்துக்கு ஒருவராகப் பன்னிருவர். ஆனால் அந்த ஆணையம் பதவி, இனம், சமய வேறுபாடின்றி நினைவுகூர்வதையே கொள்கையாகக் கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர் பலருக்கு அக்கொள்கை மறுக்கப்பட்டதை அது 2021-இல் தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. பெயரோடு நினைவுகூரப்படாதவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்பது அதன் மதிப்பீடு. பாஸ்ரா நினைவகமும் இருந்த இடத்தில் இல்லை. 1997-இல் சதாம் உசேன் ஆணையால் நகருக்கு 32 கிலோமீட்டர் அப்பால் பெயர்த்துக் கட்டப்பட்டது.

பங்குத்தந்தையிடம் நவம்பர் 2 பூசைக்குப் பெயர் கொடுக்கச் சென்றேன். எந்தப் பெயர் என்று கேட்டார். மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். வீட்டுப் பெயரையே வாசிப்பதாகச் சொன்னார்.

அத்தையிடம் செய்தியைச் சொன்னபோது அவர் ஆண்டை மட்டும் இருமுறை கேட்டார். “பதினேழிலேயா?” என்றவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஆயாவைத் தாலியோடுதானே அடக்கம் பண்ணினோம்” என்றார்.