தேயிலை இறங்கிய வழி

போடி ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முறுக்கு வைத்துக் கொடுக்கிற அளவு. உள்ளே நாற்பது பக்க நோட்டு ஒன்று, சீவிய பென்சில், மகள் கொடுத்தனுப்பிய இரண்டு கோலிக்குண்டு. மலையில் பொந்து பார்த்து அதை ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டு வந்துவிடுவது என்று திட்டம். எண்களை வைத்துக்கொண்டு யாராவது ஒருநாள் தேடி வருவார்கள், நோட்டில் பெயரெழுதுவார்கள், கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு பதிலுக்கு ஏதாவது வைப்பார்கள். இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். நாற்பதைத் தாண்டியவன் கண்ணாமூச்சி ஆட ஒரு கௌரவமான பெயர் வேண்டாமா?

விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து வைத்திருந்தது. ராணுவத்துக்குச் சரியான கணக்கு, மற்றவர்களுக்கு நூறு மீட்டர் வரை தப்பான கணக்கு. 2000 மே மாதம் பிறந்ததும் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். சாமானியன் கையிலிருந்த கருவி ஒரே இரவில் திருந்திவிட்டது. மே 3ஆம் தேதி ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டோரத்தில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்தார். உள்ளே புத்தகம், மென்பொருள், கவண், ஒரு டின் பீன்ஸ். இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். சில நாட்களில் ஆள் போய்க் கண்டுபிடித்தாயிற்று. அதே மாதம் 11ஆம் தேதி கான்சாஸ் மாநிலத்து மிங்கோவில் வைத்த பெட்டியைத் தேடி இன்றும் ஆட்கள் போகிறார்கள். இந்தக் கூட்டத்தில் பழைய பெட்டிக்குத்தான் மவுசு. அதுவும் ஆளரவமற்ற காட்டுப்பாதையில், பல வருஷம் யாரும் தொடாத பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

போடியில் நான் தேடி வந்த பழசு பெட்டியல்ல, ஒரு பாதை. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து போடிக்கு இறங்கிய பாதை. தேயிலை இறங்கியதை நான் கீழிருந்து மேலாக ஏறிப் பார்க்க நினைத்தேன்.

மதுரையிலிருந்து போடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். 1928இல் போட்ட லைன். உலகப்போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மீட்டர்கேஜ் ரயில் நின்றது. தேனி வரை 2022இல், போடி வரை 2023 ஜூனில் மறுபடி வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் பார்க்காத பிள்ளைகள் போடியில் வளர்ந்திருக்கிறார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறைக்கு நடுவே வண்டி புகுந்து வெளியே வரும்போது மேற்கே மலை எழுந்து நிற்கும். நான் பார்க்கப் போனவை அந்த மலையின் மடிப்புகளுக்குள் இருந்தன.

இரவு ஊரில் தங்கினேன். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் தெருவில் ஜீப் சத்தம். கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குவாளியும் தலையில் துண்டுமாக ஏறுகிறார்கள். ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கு போடியில் ஒரு கணக்கு, போக்குவரத்து விதியில் ஒரு கணக்கு. செடி அங்கே, கூலியாட்கள் இங்கே, வியாபாரமும் பெரும்பகுதி இங்கே. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் கேரளத்துப் புற்றடியிலும் போடியிலுமாக நடக்கிறது. ஊருக்குள் சில சந்துகளில் நடந்தாலே போதும், குடோன் வாசலில் ஏலக்காயைக் கொட்டி ரகம் பிரிக்கிற வாசனை சட்டையில் ஏறிக்கொள்ளும். டீயில் ஏலக்காய் போடாத டீக்கடையும் இதே சந்தில்தான் இருக்கிறது. கேட்டதற்கு, “விலை தெரியுமா சார்?” என்றார் கடைக்காரர்.

முந்தலில் சாலை இரண்டாகிறது. ஒன்று பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு என்று போகிற கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை. ஜீப்புகள் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. இன்னொன்று கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்கு. மாவும் இலவமும் தென்னையுமாகக் கொஞ்ச தூரம். பிறகு இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து வானத்தைக் குறைத்துவிடுகிறது. போடியிலிருந்து இந்தப் பதினைந்து பதினாறு கிலோமீட்டரும் ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டுவண்டிகள் போன வழி. இன்று அரை மணி நேரப் பேருந்து. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கதை மேலே இருக்கிறது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். தேயிலை வேரூன்றியதும் அதை எப்படிக் கீழே இறக்குவது என்பது பெரிய தலைவலி. 1902இல் மூணாறிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்பு வரை வண்டிப்பாதை. பிறகு அதிலேயே ஒற்றைத் தண்டவாளம். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் பக்கத்து மண்ணில் உருளும், இழுப்பது மாடு. 1908இல் இரண்டடி அகலத்தில் நிஜ ரயிலே வந்துவிட்டது. லைன் முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். இன்றைக்கு அங்கே போய் “ஸ்டேஷன் எங்கே?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை, கேள்வி நியாயமானதுதான்.

டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் மலை செங்குத்தாக விழுகிறது. ரயிலுக்கு அங்கே வேலையில்லை. கோபுரம் நட்டுக் கம்பிவடம் இழுத்து, தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டுச் சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே, கொட்டகுடியில் இறக்கினார்கள். அது பாட்டம் ஸ்டேஷன். இடையில் சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலே போகாத இரண்டு இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். 1924 ஜூலையில் மலையாளிகள் தங்கள் ஆண்டுக் கணக்குப்படி தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்கிற பெருமழை குண்டலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. யாரும் திரும்பப் போடவில்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். மேலே ரயில் ஓடிய பதினாறு வருஷமும் போடியில் ரயில் கிடையாது. போடிக்கு ரயில் வந்தபோது மேலே ரயில் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு ரயிலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. நடுவே தொங்கிய கம்பிக்குத்தான் இரண்டு காலமும் தெரியும்.

குரங்கணியில் வனத்துறைச் சோதனைச்சாவடி. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் மேலே போக முடியாது. கோடையில் தீ பயத்தால் பாதையையே மூடிவிடுவார்கள். நாங்கள் போனது தை மாதம். நானும் ஒரு நண்பரும், வழிகாட்டி ஒருவர். பையை மேசையில் கவிழ்க்கச் சொன்னார்கள். தீப்பெட்டி, லைட்டர் இருக்கிறதா என்று முதல் கேள்வி. பிளாஸ்டிக் எத்தனை என்று இரண்டாவது. காவலர் டப்பாவைத் திறந்து கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தார்.

“இது என்ன சார்?”

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

“ஒளிச்சு வச்சிட்டு வரப் போறீங்க.”

“ஆமாண்ணே.”

“அதைத் தேடி யாரு வருவா?”

“யாரு வேணாலும். முன்பின் தெரியாதவங்க.”

“சரி. அவங்களைத் தேடி யாரு போறது?”

இதற்கு ஜியோகேச்சிங் விதிகளில் பதில் கிடையாது. காட்டில் எதையும் வைத்துவிட்டு வரக்கூடாது, கொண்டுபோன சாமான் எண்ணிக்கையோடு திரும்ப வேண்டும் என்று சொல்லி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நீளமான பதிவேட்டைத் தள்ளினார். பெயர், ஊர், வயது, கைப்பேசி எண், வீட்டில் ஒருவர் எண், ஏறும் நேரம். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அது போய்ச் சேர்ந்த நேரத்துக்கு. “மேல போனதும் போன் பண்ணணும். மறந்துறாதீங்க.”

ஏற்றம் காப்பித் தோட்டத்துக்குள் தொடங்குகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காப்பி. சுமை இறக்கிவிட்டுத் திரும்பும் குதிரைகள் எதிரே வந்தன. அவற்றுக்கு வழிவிட வேண்டியது நாம்தான். ஒற்றையடிப்பாதை வளைந்து வளைந்து போவதால் கம்பியின் ஐந்து கிலோமீட்டர் கணக்கு காலுக்குச் செல்லாது. ரோப்வேயின் மிச்சம் இருக்கலாம் என்று பழைய வரைபடத்தைப் பார்த்து ஏழெட்டுப் புள்ளிகளைக் கைப்பேசியில் முன்னதாகவே குறித்து வைத்திருந்தேன். முதல் புள்ளிக்கு அம்புக்குறி என்னை ஒரு புதருக்குள் கூட்டிப்போனது. இருபது அடி போனதும் அம்புக்குறி திரும்பிக்கொண்டு வந்த வழியே கை காட்டியது. மறுபடி இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். நாலு செயற்கைக்கோளாவது நேராகக் கண்ணில் பட்டால்தான் கருவிக்குத் தான் இருக்கிற இடம் தெரியும். பள்ளத்தாக்கில் பாதி வானத்தை மலை மறைத்துவிடுகிறது. மிச்சத்தை மரம் மறைக்கிறது. பாறையில் பட்டுத் திரும்பி வருகிற சமிக்ஞை தாமதமாக வருவதால் தூரக்கணக்கும் தப்பாகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் முள்ளுக்குள் பத்து நிமிஷம் அம்புக்குறி பின்னால் அலைந்தேன். கையில் இரண்டு கோடு ரத்தம்.

வழிகாட்டி பாதையிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “என்ன தேடுறீங்க?” என்றார். இதை முதலிலேயே அவரிடம் கேட்காதது என் புத்தி. “ரோப் காலா? அது இங்கன இல்ல. அந்தப் பலா மரத்தைத் தாண்டி, தண்ணி விழுகுற சத்தம் கேக்கும், அங்கன நின்னு இடது கைப்பக்கம் பாருங்க.”

பார்த்தேன். பாசி பிடித்த சிமெண்டுப் பீடம், முழங்கால் உயரம். அதிலிருந்து நான்கு இரும்பு ஆணிகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று நிமிர்ந்து, ஒன்று வளைந்து. துரு கட்டைவிரல் நகத்தில் ஏலக்காய்த் தோல் மாதிரி உரிந்து வந்தது. வளைந்த ஆணியில் யாரோ சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பீடத்தின் மேல் ஒரு உடைந்த தேங்காய் ஓடு. மறை கழன்ற ஆணிகளுக்கு நடுவே ஒரு உள்ளங்கை அகலக் குழி, அதில் மழைத்தண்ணீர். டப்பாவை வைக்க இதைவிட நல்ல இடம் இந்த மலையில் கிடைக்காது. நண்பர் என் முகத்தைப் பார்த்தார். நான் வைக்கவில்லை. தேங்காய் உடைத்தவர் எனக்கு முன்னாலேயே அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பதிவும் போட்டுவிட்டார்.

சென்ட்ரல் ஸ்டேஷன் சில வீடுகள் உள்ள குடியிருப்பு. கூரைகளுக்கு மேலே தேயிலைக் கம்பி ஓடிய காலத்தின் பெயர் மட்டும் ஊருக்கு மிஞ்சியிருக்கிறது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் கறுப்புக் காப்பி கொடுத்தார்கள். வழிகாட்டி குவளையை வைத்துவிட்டு எதிர்ப்பக்கச் சரிவைக் காட்டினார். கொழுக்குமலைப் பக்கம். ஆளுயரப் புல், வெயிலில் பொன்னிறமாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பக்கத்துப் புல்லில் தீ ஏறியபோது சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து வந்திருந்த மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். 23 பேர் இறந்தார்கள். முதலில் ஓடிப்போய் ஆட்களைத் தூக்கி இறக்கியதில் இந்த ஊர்க்காரர்கள் உண்டு. காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கித்தான் வேகமாகப் போகும். ஓடுகிறவர்களும் மேட்டை நோக்கித்தான் ஓடுவார்கள். அன்றைக்குக் காட்டுக்குள் மொத்தம் எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரிந்துகொள்வதே முதல் பாடாக இருந்தது என்றார் வழிகாட்டி. பிறகு காப்பியைக் குடித்து முடித்தார்.

இங்கிலாந்தில் டார்ட்மூர் என்று ஒரு பொட்டல்காடு. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்கிற வழிகாட்டி அங்கே கிரான்மியர் குட்டையருகே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்துபோனவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டு வரலாம். ஜியோகேச்சிங்கின் பாட்டனார் அது. ‘நான் வந்தேன்’ என்று எழுதி வைக்கிற ஆசை மனிதனுக்குப் பழைய ஆசை. அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது குரங்கணிப் பதிவேட்டில் ‘நான் போகிறேன்’ என்று எழுதிவிட்டு வந்திருப்பது நினைவுக்கு வந்தது. டார்ட்மூர்ச் சீட்டு போய்ச் சேர்ந்த இடத்தில் கிடக்கிறது. இந்தப் பதிவேடு அடிவாரத்தில், ஒரு ஆள் கண் முன்னால் திறந்து கிடக்கிறது.

சென்ட்ரலுக்கு மேல் வெயில் குறைந்தது. சோலைக்காட்டுக்குள் நுழைந்ததும் காற்று ஈரமாகி, அட்டைகள் காலைத் தேடி வந்தன. இன்னும் இரண்டு பீடங்கள், ஒன்று பிளந்து வேருக்குள். இரண்டையும் வழிகாட்டிதான் காட்டினார். அவற்றின் எண்களைக் கைப்பேசியில் குறித்தேன், ஏழு மீட்டர் பிழை என்று அதுவே ஒப்புக்கொண்டது. அவர் சொன்ன அடையாளங்களையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரட்டைப் பாறை, காட்டுமாடு படுக்கிற மேடு, ஒருத்தர் விழுந்த இடம். டப்பாவில் இருந்த நோட்டுக்கு அப்படியாக ஒரு வேலை வந்தது.

கடைசி ஏற்றம் முழுக்கக் குறிஞ்சிப் புதர்கள். வெறும் இலைதான். 2018இல் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி இனி 2030. பூத்த அந்த வருஷம்தான் மார்ச்சில் தீ, ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம், பூவைப் பார்க்க ஆளே குறைவு. பூ அதற்காகக் காத்திருக்கவில்லை.

விளிம்பில் ஏறி நின்றதும் சட்டென்று ஆட்கள், வறுத்த சோளம், கேரட் கட்டு விற்கும் கடைகள். மூணாறிலிருந்து காரில் வந்தவர்கள் நாங்கள் ஏறி வந்த பள்ளத்தைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். கண்ணுக்குக் கீழே மேகம், மேகம் விலகிய இடத்தில் குரங்கணி, அதற்கப்பால் வெளுத்த தேனிச் சமவெளி. தேயிலைப் பெட்டி இங்கிருந்துதான் கம்பியில் கால் வைத்திருக்கும். டீ சொன்னோம். அதில் ஏலக்காய் இருந்தது.

வழிகாட்டி என் கைப்பேசியை வாங்கினார். கேரள டவர் ஒன்று கிடைத்திருந்தது. சாவடி எண் அவருக்கு மனப்பாடம்.

“அண்ணே, மூணு பேரும் மேல வந்துட்டோம். ரெண்டு அம்பதுன்னு போட்டுக்கங்க.” கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனில் சொன்னார்: “டப்பாவா? பையிலதான் இருக்கு. நான் பாத்துட்டேன்.”