காதுக்கு ஒரு ரூட்... டேப்புக்கு ஒரு ரூட்!

பழைய நாலு டிராக் ரெக்கார்டர் ஒண்ணு உங்க கையில் கிடைச்சா, முதல் நாள் மிரண்டுதான் போவீங்க. அத்தனை குமிழ், அத்தனை ஸ்விட்ச்! பயப்படாதீங்க பாஸ். பஸ் ஸ்டாண்டுல நாம கேட்கிற அதே ரெண்டு கேள்விதான். எங்கேயிருந்து வருது? எங்கே போகுது?

மைக்கிலிருந்து வர்ற சத்தம் முதல்ல சேனலுக்குள் நுழையும். 'டிரிம்' குமிழ் அதோட அளவைச் சரி பண்ணும். அடுத்தது ஃபேடர். எந்த டிராக்கில் ஏறணும்னு சொல்றது 'அசைன்' ஸ்விட்ச். அந்த டிராக்கோட ரெக்கார்டு ஸ்விட்சையும் போட்டாத்தான் டேப்பில் பதிவாகும்.

ஹெட்போனுக்குப் போறது வேற ரூட். அதுக்குத் தனியா 'மானிட்டர்' குமிழ்கள் இருக்கும். அதைத் திருகினா உங்க காதுலதான் சத்தம் கூடும். டேப்பில் துளிகூட மாறாது. அதனால, காதுல கேட்குதுங்கிறதுக்காக பதிவாகுதுனு நம்பிடாதீங்க. அந்த டிராக்கோட மீட்டர் ஆடுதானு பாருங்க.

இந்த வசதியைச் சாதாரண கேசட்டுக்குக் கொண்டுவந்தது, 1979-ல் வந்த டாஸ்காம் 'போர்ட்டாஸ்டுடியோ 144'. நாலு டிராக்கும் ஒரே திசையில், ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடும். 60 நிமிஷ கேசட்டில் கால் மணி நேரம்தான்! 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து, ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'நெப்ராஸ்கா' பாடல்களை இதில்தான் பதிஞ்சார். தன் பேண்டுக்குப் போட்டுக் காட்டத்தான் பதிஞ்சார். கடைசியில் அந்த வீட்டுப் பதிவே ஆல்பமா வந்தது.

சரி, நாலு டிராக்கும் தீர்ந்துட்டா? இருக்கவே இருக்கு 'பவுன்ஸ்'. மூணு டிராக்கைக் கலந்து நாலாவதில் ஏத்திட்டா, அந்த மூணிலும் புதுசாப் பதியலாம். ஆனா, காபியில் கரைஞ்ச சர்க்கரையைப் பிரிக்க முடியுமா? கலந்தது கலந்ததுதான். கம்ப்யூட்டர்ல இருக்கிற 'அன்டூ' இங்கே கிடையாது.

எங்க வீட்டு மெஷினில் முதல் டிராக், அப்பத்தா பாடின தாலாட்டு. அவங்க இப்போ இல்லை. ரெண்டில் கிடார், மூணில் கஞ்சிரா. புல்லாங்குழலும் தங்கச்சி குரலும் பாக்கி. மூணையும் பவுன்ஸ் பண்ணிட்டு ஒண்ணாவதில் குழலைப் பதிஞ்சா, அப்பத்தாவோட தனிக்குரல் அழிஞ்சுபோயிடும்.

அதனால ரெண்டையும் மூணையும் மட்டும் நாலுக்கு அசைன் பண்ணினேன். அப்பத்தா மானிட்டரில் மட்டும். அவங்க குரலைக் கேட்டுக்கிட்டேதான் கிடாரையும் கஞ்சிராவையும் அளவா கலந்தேன். ஆனா அந்தக் குரல் நாலாவது டிராக்குக்குப் போகவே இல்லை. ரெண்டும் மூணும் காலியாச்சு. குழலும் தங்கச்சியும் ஏறினாங்க. அப்பத்தா அவங்க இடத்துலயே இருக்காங்க.

நீங்க லேப்டாப்பில் பதியறவங்களா இருந்தாலும் கணக்கு இதேதான். ஒரு தாளை எடுங்க. சத்தம் கிளம்புற இடம், சேர்ற இடம், அழியப்போற இடம் மூணையும் அம்புக்குறி போட்டு வரைங்க. சிவப்பு பட்டனை அப்புறமா அழுத்தலாம்!